பெட்டி சிறிது, கேள்வி பெரிது

பழைய வீட்டை இடிக்கும்போது நம் ஊர்களில் யாரும் கதவையும் நிலையையும் மண்ணோடு சேர்த்துக் கொட்டிவிடுவதில்லை. தேக்கு நிலை ஒருவர் வீட்டுக்குப் போகும். உத்திரம் இன்னொருவர் மாட்டுக் கொட்டகைக்குப் போகும். ஓடும் செங்கல்லும்கூடத் தனித்தனியே விலை பேசப்படும். காரைக்குடியில் இவ்வாறு கழற்றப்பட்ட தூண்களையும் கதவுகளையும் விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. சைக்கிளுக்கும் இதே நியாயந்தான். பிரேம் ஒடிந்த சைக்கிளின் சக்கரம் வேறொரு சைக்கிளில் பல ஆண்டுகள் ஓடும். 28 அங்குல டயர் எந்தக் கம்பெனியின் பெயரைத் தாங்கி வந்தாலும் 28 அங்குல ரிம்மில் ஏறிவிடும். கடைக்காரர் கம்பெனிப் பெயரைக் கேட்பதில்லை, அளவைத்தான் கேட்கிறார்.

தலைமுறை தலைமுறையாக நம்மிடம் இருந்துவரும் இந்த எளிய அறிவு, கணிப்பொறி என்று வந்தவுடன் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? ஒரு சிறு உறுப்பு பழுதானதும் முழுப் பெட்டியையும் காயலான் கடைக்கு எடைக்குப் போடுகிறோமே, ஏன்? நம் அறியாமை மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாதபடி சிலர் வேண்டுமென்றே செய்து வைத்திருப்பதும் காரணம். இந்த இரண்டைப் பற்றியும் என் கருத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறிய பெட்டிகளின் காலம்

வங்கிகளிலும் அலுவலகங்களிலும் மேசைக்கு அடியில் நின்ற பெரிய கேபினெட்டுகள் இன்று குறைந்துவிட்டன. அவற்றின் இடத்தை இரண்டு வகைச் சிறிய பெட்டிகள் பிடித்துக்கொண்டன. ஒன்று, படுக்கை வாட்டத்தில் மானிட்டருக்கு அடியில் வைக்கத்தக்க ஒடுக்கமான பெட்டி. மற்றொன்று அதனினும் சிறியது. ஏறக்குறைய 18 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், மூன்றரை செ.மீ. உயரம். அதன் கொள்ளளவு ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான். ஒரு தடித்த பாடநூலின் அளவு என்று சொல்லலாம். டெல், எச்.பி., லெனோவோ ஆகிய மூன்று நிறுவனங்களும் இவ்வகைப் பெட்டிகளை ஆண்டுதோறும் ஏராளமாக அலுவலகங்களுக்கு விற்று வருகின்றன.

இப்போது இவை பெருமளவில் ஏலத்துக்கு வரத் தொடங்கியிருப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயக்கமுறைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அதற்கடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கேட்கிறது. இன்டெல் செயலிகளில் ஒருசில விலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே அதன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. எனவே 2015-லிருந்து 2017 வரை வாங்கப்பட்ட ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நாட்காட்டித் தேதியின் காரணமாக "பழையவை" ஆகிவிட்டன. பொருளின் உயிர் போகவில்லை. அதன் மீதிருந்த அங்கீகாரந்தான் போயிற்று.

திறந்து பார்த்தபோது

அப்படி ஏலத்தில் வந்த இரண்டு பெட்டிகளை என் வகுப்பு நண்பர் ஒருவரின் தந்தையார் மலிவாக வாங்கி வந்தார். ஒன்று ஒரு லிட்டர் பெட்டி. மற்றது ஒடுக்கமான பெட்டி. இரண்டுமே உயிர் பெறவில்லை. பொருளியல் திட்டக் கட்டுரைக்காகவும் புள்ளியியல் கணக்குகளுக்காகவும் நண்பருக்கு ஒரு கணிப்பொறி இன்றியமையாததாக இருந்தது. பழுது பார்க்கும் கடையில் அமர்ந்து, கடைக்காரரின் துணையோடு இரண்டையும் சோதித்தோம். சிறிய பெட்டியில் மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை மின்னழுத்த ஏற்றத்தில் கருகியிருந்தது. ஒடுக்கமான பெட்டியில் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி மட்டும் செத்திருந்தது. ஆக, இரண்டு கணிப்பொறிகளும் ஆளுக்கோர் உறுப்பால் வீழ்ந்தவை. மற்ற உறுப்புகள் எல்லாம் நலமாகவே இருந்தன.

இரண்டிலும் உள்ள நல்ல உறுப்புகளைச் சேர்த்து, வழக்கமான பெரிய கேபினெட் ஒன்றில் ஒரு புதிய கணிப்பொறியை உருவாக்குவது என முடிவு செய்தோம். பழைய எச்110 வகைத் தாய்ப்பலகை ஒன்று, சாதாரண கேபினெட் ஒன்று, புதிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்று ஆகிய மூன்றும் வாங்கப்பட்டன. எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்பதை வாசகர் அறிவது பயன் தரும்.

முதலாவது, செயலி. சிறிய பெட்டியில் இருந்தது இன்டெல் ஐ5-6500டி. ஒடுக்கமான பெட்டியில் இருந்தது ஐ5-6500. இரண்டுக்கும் நான்கு உள்ளகங்கள், இரண்டும் எல்.ஜி.ஏ. 1151 என்னும் ஒரே சாக்கெட்டில் அமர்பவை. முன்னது 35 வாட் வரம்புக்கு அடங்கி 2.5 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தில் இயங்குவது. பின்னது 65 வாட் வரம்பும் 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகமும் உடையது. பெரிய கேபினெட்டில் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை ஆதலால் பின்னதைத் தேர்ந்தோம். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதியது தடவிப் பொருத்தியதும் அது தடையின்றி இயங்கிற்று. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகளும் எல்.ஜி.ஏ. 1151-தான், ஆயினும் அவற்றுக்கு 300 வரிசைச் சிப்செட் கொண்ட தாய்ப்பலகை வேண்டும். எச்110 பலகையில் அவை இயங்கா.

இரண்டாவது, நினைவகம். ஒடுக்கமான பெட்டியில் இருந்த ராம், வழக்கமான நீளமுள்ள டி.டி.ஆர். 4 வகை, 288 ஊசி. அது அப்படியே புதிய பலகையில் ஏறிற்று. சிறிய பெட்டியில் இருந்தது மடிக்கணினிக்குரிய குட்டை வகை, 260 ஊசி. அது இதில் ஏறாது. ஆனால் வீணாகவும் போகவில்லை. விடுதியில் தங்கியிருக்கும் மற்றொரு நண்பரின் மடிக்கணினியில் காலியாக இருந்த ஸ்லாட்டில் அது குடியேறிற்று.

மூன்றாவது, சேமிப்பகம். சிறிய பெட்டியில் இருந்த இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. சாட்டா வகையைச் சேர்ந்தது. அதன் கம்பி இணைப்பு உலகம் முழுவதும் ஒன்றே. எந்தத் தடையும் இல்லை.

நான்காவது, வைஃபை அட்டை. எம்.2 வகையைச் சேர்ந்த இச்சிறு அட்டைக்கு நாங்கள் வாங்கிய பலகையில் இடமில்லை. மலிவான மாற்றுப் பலகை ஒன்றின் வழியே அதைப் பொருத்தினோம். அது பழைய வகையாக இருந்ததால் இது இயன்றது. பின்னர் வந்த இன்டெல் 9560, ஏ.எக்ஸ்.201 போன்ற அட்டைகள் வெளித்தோற்றத்தில் இதைப் போலவே இருப்பினும், வேலையில் ஒரு பகுதியை இன்டெல் சிப்செட்டிடம் விட்டுவிடுபவை. அதற்கு இடமளிக்காத பலகையில் அவை வெறும் தகடே.

இனிப் பொருந்தாதவற்றைக் காண்போம். சிறிய பெட்டியின் அடாப்டர் நல்ல நிலையில் இருந்தது; ஆனால் அது ஏறத்தாழ 20 வோல்ட் அழுத்தம் ஒன்றை மட்டும் தருவது. வழக்கமான தாய்ப்பலகையோ 24 ஊசி இணைப்பின் வழியே 12, 5, 3.3 வோல்ட் என்று பல அழுத்தங்களை எதிர்பார்க்கிறது. எனவே பயனில்லை. இரண்டு பெட்டிகளின் ஹீட்சிங்கும் விசிறியும் அவ்வப் பெட்டிக்கென்றே வார்க்கப்பட்டவை, வேறெங்கும் அமரா.

என் மனத்தை உண்மையில் உறுத்தியது ஒடுக்கமான பெட்டியின் தாய்ப்பலகைதான். அது முழு நலத்தோடு இருந்தது. மின்சாரம் கொடுத்தால் ஓடும். ஆனால் அதற்கு மின்சாரம் கொடுக்க நாட்டில் உள்ள சாதாரண எஸ்.எம்.பி.எஸ். எதனாலும் நேராக இயலாது. அதன் இணைப்பு வேறு. ஊசிகளின் எண்ணிக்கை வேறு. திருகாணித் துளைகளின் இடமும் வேறு. மாற்றுக் கம்பி விற்கிறார்கள் என்பது மெய். ஆனால் அந்தக் கம்பியைப் போட்டாலும் கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ். அந்த ஒடுக்கமான பெட்டிக்குள் அடங்காது. பலகையைக் கழற்றிப் பெரிய கேபினெட்டில் வைக்கலாம் என்றால் துளைகள் ஒத்துவரா. பழுதானது மின்வழங்கி, தண்டனை பெற்றதோ தாய்ப்பலகை. இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

சிறுமையா காரணம்?

"பெட்டியைச் சிறிதாக்க வேண்டுமென்றால் தனி அமைப்பு வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் இடத்துக்குள் முழு அளவு எஸ்.எம்.பி.எஸ்.ஸை நுழைக்க எவராலும் இயலாது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள்: அதே ஒரு லிட்டர் பெட்டியில் செயலி, ராம், எஸ்.எஸ்.டி., வைஃபை அட்டை ஆகிய நான்கும் கழற்றத்தக்கவையாக, பொது அளவுள்ளவையாக இருக்கின்றன. இரண்டில் சிறியது அதுதான். அதன் உறுப்புகள்தான் வேறிடங்களில் அதிகமாகப் பயன்பட்டன. இடம் தாராளமாக உள்ள பெரிய பெட்டியில்தான் மின்வழங்கியும் பலகையும் பூட்டிக்கொண்டன. ஆகவே சிறுமையின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க இயலாது.

சிறிய அளவிலும் பொதுப் பொருத்தம் இயலும் என்பதற்குச் சான்றுகள் பல. 17 செ.மீ. சதுரமுள்ள மினி-ஐ.டி.எக்ஸ். என்னும் பலகை அளவை வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்தது. இன்று வரை பல நிறுவனங்கள் அந்த அளவில் பலகை செய்கின்றன. 2025-இல் ஃப்ரேம்வொர்க் என்னும் நிறுவனம் அறிவித்த சிறிய மேசைக் கணிப்பொறியில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது; அது ஒரு குறைதான். ஆனால் அதன் தாய்ப்பலகை மினி-ஐ.டி.எக்ஸ். அளவிலேயே இருக்கிறது. நாளை அந்தப் பலகையை வேறு கேபினெட்டில் வைக்கலாம். அந்தக் கேபினெட்டில் வேறு பலகையை வைக்கலாம். பற்றவைக்க வேண்டிய தொழில்நுட்பக் கட்டாயம் ஓரிடத்தில் இருந்தாலும், மற்ற இடங்களில் கதவைத் திறந்து வைக்க முடியும் என்பதை அது காட்டுகிறது.

இதற்கு எதிர்ப்புறத்தில், பொதுத்தோற்றத்தைக் காட்டி உள்ளே மாற்றி வைத்த வரலாறும் உண்டு. இன்டெல் நிறுவனம் 1995-இல் ஏ.டி.எக்ஸ். என்னும் பொது வரையறையை வெளியிட்டது. பலகையின் அளவு, துளைகளின் இடம், மின் இணைப்பு ஆகியன எல்லாருக்கும் ஒன்றாயின. ஆனால் 1990-களின் பிற்பகுதியில் டெல் நிறுவனத்தின் சில கணிப்பொறிகளில், பார்வைக்கு ஏ.டி.எக்ஸ். இணைப்பைப் போலவே இருந்த ஒன்றில் கம்பிகளின் வரிசை மட்டும் மாறியிருந்தது. விவரம் அறியாதவர் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதில் செருகினால் பலகையோ மின்வழங்கியோ கருகும் நிலை. பொருந்தாத இணைப்பையாவது மன்னிக்கலாம். பொருந்துவதுபோல் நடித்துப் பொசுக்கும் இணைப்பை என்னென்பது?

அண்மைக் காலத்தில் பூட்டு இன்னும் நுண்ணியதாகிவிட்டது. ஏ.எம்.டி. செயலிகள் சிலவற்றில் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்னும் வசதி உண்டு. கணிப்பொறி செய்யும் நிறுவனம் அதை இயக்கிவிட்டால், செயலிக்குள் இருக்கும் நுண்ணிய ஃபியூஸ்கள் ஒருமுறை எரிந்து, அந்தச் செயலி அந்நிறுவனத்தின் பலகையோடு நிரந்தரமாகக் கட்டுண்டுவிடும். சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் வேறு நிறுவனத்தின் பலகையில் அது பிறகு எழாது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். தீய நிரல் கணிப்பொறியின் அடித்தளத்தில் நுழையாமல் தடுப்பது நல்ல நோக்கமே. ஆனால் அந்தக் காவல் முதல் உரிமையாளரோடு முடிய வேண்டும்; பெட்டியை விற்ற பிறகும், அது நம்மிடம் வந்த பிறகும், செயலி தன் பழைய எசமானரையே தேடிக்கொண்டிருப்பது முறையா?

வரலாறு சொல்வது

திறந்த வாசலால் நிறுவனங்கள் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர், கணிப்பொறியின் வரலாற்றையே நினைத்துப் பார்க்கலாம். 1981 ஆகஸ்ட் 12-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் மின்சுற்று வரைபடங்களையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டு விற்றது. அட்டைகளைச் செருக ஐந்து ஸ்லாட்டுகளை விட்டு வைத்தது. காம்பேக் போன்ற நிறுவனங்கள் அதனோடு ஒத்துப்போகும் கணிப்பொறிகளைச் செய்தன. எண்ணற்ற சிறு நிறுவனங்கள் அட்டைகளையும் உறுப்புகளையும் செய்து குவித்தன, விலை இறங்கியது. சென்னை ரிச்சி தெருவில் உறுப்புகளை வாங்கி, வீட்டிலோ கடையிலோ "அசெம்பிள்" செய்து கணிப்பொறி உருவாக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது அந்தத் திறந்த வாசலின் பயனேயாகும். கம்பெனிப் பெட்டி வாங்க வசதியில்லாத எத்தனையோ குடும்பங்களுக்குள் கணிப்பொறி நுழைந்தது அந்த வழியாகத்தான்.

1987-இல் அதே ஐ.பி.எம்., பி.எஸ்./2 என்னும் புதிய வரிசையில் மைக்ரோ சானல் என்னும் சொந்த இணைப்பு முறையைப் புகுத்தி, அதைப் பயன்படுத்த விரும்பும் பிறரிடம் உரிமத் தொகை கேட்டது. வாசலைச் சாத்திப் பார்த்தது எனலாம். 1988-இல் காம்பேக்கின் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஒன்று கூடி வேறொரு பொது முறையை அறிவித்தன. மைக்ரோ சானல் நிலைக்கவில்லை. அதே பி.எஸ்./2 வரிசையில் எல்லாரும் தடையின்றி எடுத்தாண்ட ஓர் உறுப்பு, விசைப்பலகைக்கும் மவுசுக்கும் உரிய வட்டச் செருகி, பல்லாண்டுகள் நிலைத்து நின்றது. பகிர்ந்தது வாழ்ந்தது, பூட்டியது மறைந்தது. இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுமா?

மறுப்புகளும் விடைகளும்

என் கருத்தை மறுப்போர் சொல்லும் காரணங்களில் மூன்று கவனத்துக்குரியவை.

"பழைய உறுப்பை நம்பலாமா?" என்பது முதல் மறுப்பு. எல்லா உறுப்பையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. செயலியிலும் ராமிலும் அசையும் பகுதி ஏதும் இல்லை. சூடும் மின்னழுத்தமும் வரம்புக்குள் இருந்தால் அவை எளிதில் தேய்வதில்லை. சுழலும் வன்தட்டு, விசிறி, எஸ்.எம்.பி.எஸ். ஆகியன தேய்பவை. எஸ்.எஸ்.டி. எழுதுந்தோறும் சிறிது தேயும்; அதன் மிச்ச ஆயுளை அதுவே கணக்கு வைத்துச் சொல்லும். எனவே பத்தாண்டுச் செயலியை அஞ்சாமல் ஏற்கலாம், பத்தாண்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒதுக்கிவிட வேண்டும். சிக்கனம் என்ற பெயரில் மின்வழங்கியில் மட்டும் கை வைக்கக் கூடாது. அதைத் திறந்து பழுது பார்க்கவும் முயலக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் உயிருக்கு ஊறு செய்யத்தக்க மின்னைத் தேக்கி வைத்திருக்கும்.

"இவ்வளவு பாடுபடுவதற்குப் பழைய பெட்டியை அப்படியே பயன்படுத்தலாமே?" என்பது இரண்டாவது. இதில் பெரும் பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஓடுகிற பெட்டியை உறுப்புக்காகக் குலைப்பது, காய்க்கிற மரத்தை விறகுக்கு வெட்டுவது போன்றது. ராம் கூட்டி, எஸ்.எஸ்.டி. மாற்றி, லினக்ஸ் வகை இயக்கமுறை ஒன்றை நிறுவினால், ஆறாம் தலைமுறைப் பெட்டி நம் போன்ற மாணவர்களின் எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் தாராளமாகப் போதும். முதலில் முழுதாகப் பயன்படுத்துவோம். முழுது இயலாதபோது உறுப்பாகப் பயன்படுத்துவோம். அதுவும் இயலாதபோதே கழிவாக்குவோம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே கழிவாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

"பாதுகாப்பும் சட்டமும் என்னாவது?" என்பது மூன்றாவது. இதிலும் உண்மை இருக்கிறது. பழைய சேமிப்பகத்தில் முன்னவருடைய கோப்புகள் இருக்கலாம். விற்பவர் அவற்றை முற்றும் அழித்துத் தர வேண்டும். வாங்குபவரும் எட்டிப் பார்க்காமல் அழித்துவிடுவதே பண்பு. பெட்டியோடு வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தத் தாய்ப்பலகைக்கு உரியது. செயலியைக் கழற்றிக்கொண்டு வந்தால் உரிமம் கூடவே வராது. நண்பரின் கணிப்பொறியில் லினக்ஸ் நிறுவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழிவின் கணக்கு

இதை ஏழை மாணவர்களின் சிக்கனப் பிரச்சினையாக மட்டும் கருதிவிடக் கூடாது. 2024-இல் வெளியான உலக மின்னணுக் கழிவுக் கண்காணிப்பு அறிக்கையின்படி, 2022 என்ற ஒரே ஆண்டில் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. எஞ்சியதில் ஒரு பெரும் பகுதி எரிக்கவும் அமிலத்தில் கரைக்கவும் படுகிறது. அந்தப் புகையை உள்ளிழுப்பவர் பெட்டியை வாங்கியவரோ விற்றவரோ அல்லர்.

மறுசுழற்சி நல்லதே. ஆனால் மறுசுழற்சி என்பது செயலியைச் செயலியாகக் காப்பதில்லை. அதை நொறுக்கிச் சிறிது தங்கமும் செம்பும் எடுப்பதே. அந்தச் சில்லைச் செய்யச் செலவான நீரும் மின்சாரமும் அறிவும் அத்தோடு போய்விடுகின்றன. கதவைக் கதவாக வைத்துக்கொள்வது வேறு. அதை எரித்துக் குளிர்காய்வது வேறு.

நம் நாட்டில் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மறுசுழற்சி செய்பவரோடு, பழையதைப் புதுப்பிப்பவரையும் அவ்விதிகள் தனி வகையாக ஏற்றுக்கொள்கின்றன. 2022 டிசம்பரில் நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தையும் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்க தொடக்கங்கள். ஆனால் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாத வரையில் பழுதுபார்க்கும் உரிமை ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும். கையில் திருப்புளியைக் கொடுத்துவிட்டு, திருகாணியை மட்டும் மறைத்துவைத்தால் என்ன பயன்?

சட்டத்தால் இதைச் சரி செய்ய முடியுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசிகளுக்கு யு.எஸ்.பி.-சி என்னும் ஒரே மின்னேற்றச் செருகி கட்டாயமாக்கப்பட்டது. நெடுங்காலம் தனிச் செருகி வைத்திருந்த ஆப்பிள் நிறுவனமும் 2023-இலேயே தன் ஐபோன் 15-இல் அதற்கு மாறிவிட்டது. கைப்பேசியின் செருகிக்கு இயன்றது, மேசைக் கணிப்பொறியின் மின் இணைப்புக்கு இயலாதா?

நாம் செய்யத்தக்கது

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணிப்பொறிகளை மொத்தமாக வாங்குபவை அரசு அலுவலகங்களும் கல்லூரிகளும் வங்கிகளுமே. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது செயலியின் வேகத்தையும் ராமின் அளவையும் விலையையும் மட்டும் கேட்கிறார்கள். அதோடு நான்கு வரிகள் சேர்க்கலாம் என்பது என் வேண்டுகோள். ராமும் எஸ்.எஸ்.டி.யும் கழற்றத்தக்கனவாக, பொது அளவினவாக இருத்தல் வேண்டும். மின்வழங்கியின் இணைப்பு வெளியிடப்பட்ட பொது வரையறைப்படி இருத்தல் வேண்டும். செயலி எந்த ஒரு நிறுவனத்தின் பலகையோடும் பூட்டப்படாமல் இருத்தல் வேண்டும். பழுதுநீக்கும் கையேடு வாங்குபவருக்குக் கிடைத்தல் வேண்டும். ஆயிரக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் விற்பவர் செவிசாய்த்தே ஆக வேண்டும். தனி மாணவர் ஒருவர் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். துறை கேட்டால் எழுதிக்கொள்வார்கள்.

அடுத்து, கழித்துக் கட்டும் முறை. பயனற்றது என முத்திரை குத்துவதற்கு முன்பு, ஒவ்வொரு பெட்டியிலும் எந்த உறுப்பு கெட்டது, எது நல்லது என்று ஒரு பட்டியல் எழுதினால் போதும். நல்ல ராமும் நல்ல எஸ்.எஸ்.டி.யும் அதே ஆய்வகத்தின் மற்றக் கணிப்பொறிகளுக்கு உதவும். விதிமுறைக்கு உட்பட்டே இதைச் செய்யலாம். கணிப்பொறி அறிவியல் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த செய்முறைப் பயிற்சியும் இல்லை. பலகையின் படத்தைப் புத்தகத்தில் பார்த்துத் தேர்வெழுதுவதற்கும், சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கிச் செயலியை ஊசி வளையாமல் இறக்கி வைப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். புதிய கணிப்பொறி வாங்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், கடைக்காரரிடம் அதன் வேகத்தைக் கேட்ட கையோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "இதில் ஓர் உறுப்பு கெட்டால், அதை மட்டும் கடையில் வாங்கி மாற்ற முடியுமா?" முடியாது என்றால், அந்தப் பொருளுக்கு நாம் முழு விலை கொடுத்தாலும் அது முழுதாக நம்முடையதாகாது. எந்த உறுப்பைக் கழற்றி வேறிடத்தில் வைத்து ஆள முடிகிறதோ, அதுதான் நாம் விலை கொடுத்து வாங்கியது. மற்றதெல்லாம் இரவல்.

இரண்டு செத்த பெட்டிகளிலிருந்து பிறந்த அந்தக் கணிப்பொறியில்தான் நண்பர் இன்று தம் திட்டக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறார். நலமாக இருந்தும் வேலையற்றுப் போன அந்தத் தாய்ப்பலகை கடைக்காரரின் அலமாரியில் கிடக்கிறது. அதற்குரிய மின்வழங்கி என்றேனும் வந்து சேருமென்று அவர் அதை எறியாமல் வைத்திருக்கிறார். அவர் காத்திருக்க வேண்டாத ஒரு காலத்தை உண்டாக்குவது, வாங்குவோராகிய நம் எல்லாருடைய கையிலும் இருக்கிறது.